பெட்டிக்குள் மங்கிய பவளம்

இவாவோ: பூட்டின பெட்டிக்குள்ள எட்டு வருஷமா சும்மா கெடந்த மோதிரம். அதுல இருக்கிற பவளம் எப்படிங்க மங்கும்? சொல்லுங்க. இந்த சுக்குமோ ஊர்லயே பவளம் பாக்குறதுல பெரிய ஆள் நீங்கதானே?

தோக்கியே: அதான் எனக்கும் புடிபடல, இவாவோ. இன்னொரு தடவை ஜன்னல் பக்கம் காட்டு... ம்... இந்தப் பக்கம் சுண்ணாம்பு பூசின மாதிரி செத்துக் கெடக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் மினுமினுப்பு மிச்சம் இருக்கு. பெட்டிக்குள்ள மங்கியிருந்தா மொத்தமா மங்கணும். இப்படி ஓரவஞ்சனை பண்ணாது.

இவாவோ: எனக்குப் புடிபட்டுடுச்சு.

தோக்கியே: அப்படியா? சொல்லேன், கேப்போம்.

இவாவோ: இது எங்க மோதிரத்துல இருந்த பவளமே இல்ல. எட்டு வருஷம் முன்னாடி பவளம் ஆடுதுன்னு உங்ககிட்ட குடுத்தேன். அதைக் கவ்விக்கப் புதுசா பிடி போட்டுக் குடுத்தீங்க. அப்பவே மாத்திட்டீங்க.

தோக்கியே: என்னது?!

சனாயே: என்னங்க! வர்ற வழியெல்லாம் என்ன சொன்னீங்க? 'சும்மா கேக்கத்தான் போறேன்'னு...

இவாவோ: கேட்டுட்டுதானே இருக்கேன். நீ டீயைக் குடி.

தோக்கியே: மாத்திட்டேனா... நானா... இவாவோ, உங்க அப்பா வலை இழுத்த காலத்துலேர்ந்து உங்க படகுல ஏறுற பவளம் முதல்ல என் மேஜைக்குத்தான் வருது. ஒரு துண்டு கொறஞ்சிருக்கா இதுவரைக்கும்?

இவாவோ: அதான் வயித்தெரிச்சல். நாளைக்குப் பவள ஏலம். கோபேலேர்ந்து வருவான், தைவான்லேர்ந்து வருவான், நம்ம கரையோரத்துப் படகுக்காரன் அத்தனை பேரும் இருப்பான். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லத்தான் போறேன். 'தோக்கியே கையில பவளத்தைக் குடுக்காதீங்க, திரும்பி வர்றது வேறயா இருக்கும்'னு.

தோக்கியே: ஏம்ப்பா... அந்த ஒரு வார்த்தை போதுமே. நான் கடையைச் சாத்திட்டு உக்கார வேண்டியதுதான். ஜனங்க ஒரு சீட்டுகூட வாங்காம என் கையில வச்சுட்டுப் போறாங்க. என் பேரை நம்பி. அதை விட்டா என்கிட்ட என்ன இருக்கு? இந்தத் தராசும் ஒரு லென்ஸும்தான்.

சனாயே: அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்...

இவாவோ: நீ சும்மா இரு சனாயே. ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடும் பவளக்காரங்க. கொதோமி கையைப் புடிச்சதுமே மோதிரத்தைத்தான் பாப்பாங்க. 'என்ன சம்பந்தி, பவளப் படகு வச்சிருக்கீங்க, பொண்ணுக்கு சாக்பீஸா போட்டு அனுப்புறீங்க'ன்னு கேப்பான். நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்குவேன்?

தோக்கியே: சரி. ரெண்டு பேரும் கத்தி ஆகப்போறது ஒண்ணும் இல்ல. மாத்தினேன்னு சொல்றே இல்ல? மாத்தணும்னா நான் எதை வச்சிருப்பேன்? வெள்ளைப் பவளத்துக்குச் சாயம் ஏத்தி வச்சிருக்கணும். இல்ல, மூங்கில் பவளம், மலிவுச் சரக்கு, அதுக்குச் சாயம் ஏத்தி வச்சிருக்கணும். இல்ல, கண்ணாடி. எதுவா இருந்தாலும் இந்த மேஜையிலேயே மாட்டிக்குவேன். உன் கண்ணால நீயே பாரு. இந்தா பஞ்சு. இது நெயில் பாலிஷ் எடுக்கிற தண்ணி. நீயே நனை. நீயே தேய். நான் தொடவே மாட்டேன்.

இவாவோ: நானேவா?

தோக்கியே: நான் தேய்ச்சா, அதுலயும் கைவேலை காட்டிட்டேன்னு சொல்லுவே. அடியில, ஓரத்துல தேய். சாயம் இருந்தா அங்கதான் தங்கும்.

சனாயே: அழுத்தித் தேய்ங்க. நங்கூரக் கயித்தை அந்தப் பிடி பிடிக்கிறீங்க, இதுக்கு என்ன இவ்வளவு மென்மை?

இவாவோ: தேய்ச்சுட்டுத்தானே இருக்கேன்... ம்...

தோக்கியே: பஞ்சைக் காட்டு. என்ன கலர்?

இவாவோ: ...வெள்ளை.

தோக்கியே: என்னது? காது சரியா கேக்கல.

இவாவோ: வெள்ளைங்க! ஒண்ணும் ஒட்டல. போதுமா?

தோக்கியே: போதாது. இப்ப லென்ஸை கண்ணுக்குப் பக்கத்துல வச்சுக்கோ. பவளத்தை லென்ஸ்கிட்ட கொண்டு வா. அப்படித்தான். அந்த மினுமினுப்பு மிச்சம் இருக்கிற பக்கமா பாரு. என்ன தெரியுது?

இவாவோ: கோடு கோடா... ரொம்ப மெல்லிசா. எல்லாம் ஒரே பக்கமா ஓடுது.

தோக்கியே: அதான்! பவளம் மரம் மாதிரி கிளை விட்டு வளருது இல்ல, அந்த வளர்ச்சியோட ரேகை அது. தலைமுடியைவிட மெல்லிசு. மூங்கில் பவளத்துலயும் கோடு உண்டு, ஆனா அது தடிதடியா, லென்ஸே வேண்டாம், துணியில நெசவு தெரியிற மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும். கண்ணாடியில கோடே இருக்காது, குட்டிக் குட்டியா காத்துக் குமிழிதான் இருக்கும். எவ்வளவு அழகா இருக்கு பாரேன், வருஷக்கணக்கா கடலுக்கு அடியில இருட்டுல உக்காந்துக்கிட்டு, யாரும் பாக்கப் போறதில்லன்னாலும் இவ்வளவு ஒழுங்கா...

இவாவோ: பாடம் வேண்டாங்க. சரி, அசல் பவளம்தான். ஒத்துக்கிறேன்.

தோக்கியே: அப்பாடா.

இவாவோ: ஆனா எங்க பவளம் இல்ல.

தோக்கியே: அட, கடவுளே!

இவாவோ: எங்களுது காளையோட ரத்தம் மாதிரி கருஞ்சிவப்பு. எங்க அப்பா படகுலேயே அதுக்கப்புறம் அப்படி ஒண்ணு ஏறினதில்ல. நீங்க அதை எடுத்துட்டு, கடலடியில செத்து விழுந்து கெடந்த கட்டையிலேர்ந்து வெட்டின ஒண்ணை வச்சுட்டீங்க. செத்த பவளம்தான் இப்படி வெளுத்து, பொலிவில்லாம இருக்கும். எனக்குத் தெரியாதா? நான் வலை இழுக்குறவன். உயிரோட வந்ததா, செத்து வந்ததான்னு ஈரம் காயுறதுக்குள்ள சொல்லிடுவேன்.

தோக்கியே: கடல்ல சொல்லுவே. இங்க தப்பா சொல்றே. இது செத்தது இல்ல.

இவாவோ: செத்ததுதான்.

தோக்கியே: உயிரோட எடுத்ததுப்பா. செத்ததுன்னா புழு துளைச்சிருக்கும். உள்ளேர்ந்து அரிச்சு, சல்லடையா இருக்கும். இது மேல்தோல்தான் மங்கியிருக்கு. உள்ள கெட்டியா, முழுசா இருக்கு. நீ உயிரோட இருக்கிறதைப் போய் செத்துடுச்சு செத்துடுச்சுன்னு...

சனாயே: க்ஹும்... க்ஹும்...

இவாவோ: உனக்கு என்ன ஆச்சு?

சனாயே: ஒண்ணுமில்ல. டீ புரையேறிடுச்சு.

தோக்கியே: இரு, இதை ஒரே அடியில முடிச்சுடலாம். உங்க பவளத்துக்கு முதுகுப் பக்கம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?

இவாவோ: தெரியாம? சின்ன வயசுல எங்க அப்பா மடியில வச்சுக் காட்டியிருக்கார், மோதிரமா கட்டுறதுக்கு முன்னாடி.

தோக்கியே: அப்போ நான் பிடியைத் தூக்கறதுக்கு முன்னாடியே சொல்லு. நான் பாக்காம இருக்கறப்பவே. சனாயே சாட்சி.

இவாவோ: முதுகுல வெள்ளையா ஒரு புள்ளி. அரிசியைப் பாதியா உடைச்ச மாதிரி. நட்ட நடுவுல இருக்காது, ஒதுங்கி இருக்கும். அதுக்குப் பக்கத்துல ஊசி குத்தின மாதிரி ஒரே ஒரு ஓட்டை. அப்பா சொல்லுவார், 'இது முகம்டா, ஒத்தைக் கண்ணன்'னு.

தோக்கியே: ஒத்தைக் கண்ணன்... நல்லா இருக்கே. சரி, அந்தச் சின்னக் குறடை எடு. நாலு பிடி இருக்கு, ஒவ்வொண்ணா மெதுவா நிமித்துறேன். ரெண்டு... மூணு... கையை நீட்டு. உன் உள்ளங்கையில விழட்டும்.

இவாவோ: விழுந்துடுச்சு.

தோக்கியே: திருப்பு.

சனாயே: என்னங்க? ஏன் கையை மூடிக்கிட்டீங்க? காட்டுங்க... ஐயோ! அரை அரிசி! ஓட்டையும் இருக்கு!

இவாவோ: இது... இது எப்படி...

தோக்கியே: ஒத்தைக் கண்ணன் கும்பிடு போடுறானா? அந்த வெள்ளைதான் நம்ம தோசா கடல் சிவப்போட நடுத்தண்டு. எந்தக் கிளையை வெட்டினாலும் உள்ள இருக்கும். இத்தாலிக்காரன் பவளத்துல அது கிடையாது. வெட்டுறவன் அந்த வெள்ளை முகப்புல வராம முதுகுக்குத் தள்ளுறான் பாரு, அதுலதான் அவன் கெட்டிக்காரத்தனம். சாயம் போடுறவன் அந்த வெள்ளையை விட்டா வைப்பான்? அதையும் சேத்துதான் முக்கி எடுப்பான். ஒவ்வொரு கிளைக்கும் அந்தப் புள்ளி ஒவ்வொரு மாதிரி. உன் வாயாலயே சொன்னே, உன் கையிலயே விழுந்துச்சு.

இவாவோ: அப்போ... இது எங்களுதுதான்.

தோக்கியே: உங்களுதுதான்.

இவாவோ: அக்கா... நான்... மன்னிச்சுடுங்க. வயித்தெரிச்சல்ல என்னென்னமோ...

தோக்கியே: இப்ப அக்காவா? வந்ததுலேர்ந்து வாங்க போங்கன்னு வெட்டி வெட்டிப் பேசினே.

சனாயே: நல்லா கேளுங்க அக்கா. அக்கா, இப்பவாவது நான்...

தோக்கியே: இரும்மா, ஒரு நிமிஷம். இவாவோ, அசையாதே! அதை அப்படியே புடி. இந்த ஓரத்துல பாத்தியா? பிடி கவ்விக்கிட்டு இருந்த இடம். ஒண்ணு... ரெண்டு... நாலு பொட்டு.

இவாவோ: அட! சிவப்பு! அந்தப் பழைய சிவப்பு!

தோக்கியே: ரத்தம் மாதிரி இல்ல? வாட்ச் கட்டின கையில, பட்டைக்கு அடியில மட்டும் வெயில் படாம இருக்குமே, அது மாதிரி. பிடி மூடின இடம் தப்பிச்சுடுச்சு. மூடாத இடமெல்லாம் மங்கிடுச்சு. அப்படின்னா மோதிரத்துல இருக்கறப்பவேதான் ஏதோ மேல பட்டிருக்கு. பெட்டிக்குள்ள என்ன போட்டு வச்சிருந்தே? கற்பூரம், பூச்சி உருண்டை?

இவாவோ: பெட்டியில என்ன இருக்கு? பட்டுத்துணிதான். சாவி புத்தர் மாடத்துக்குப் பின்னாடி. நான்கூடத் தொடல. போன வாரம் நிச்சயத்துக்குன்னு எடுத்தேன், இப்படி இருந்துச்சு.

தோக்கியே: நெருப்புக்குப் பக்கத்துல? இல்ல, சூடு பட்டா வெடிப்பு விட்டிருக்கும். வேர்வையும் மங்க வைக்கும், ஆனா அது விரல் படுற அடிப்பக்கமாதான் ஆரம்பிக்கும். இது மேலேர்ந்து மங்கியிருக்கு. அதுவும் பாரு, விரல் நுனிப் பக்கம்தான் மோசம். மணிக்கட்டுப் பக்கம் பரவாயில்ல. ஏதோ ஒண்ணு நுனியிலேர்ந்து வழிஞ்சு வந்திருக்கு... வழிஞ்சு வழிஞ்சு... ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல.

இவாவோ: பெட்டிக்குள்ள விரல் ஏதுக்கா?

தோக்கியே: அதானே எனக்கும் மண்டை காயுது.

சனாயே: பெட்டிக்குள்ளயே இருந்துச்சுன்னு யார்...

தோக்கியே: கொஞ்சம் இரு சனாயே. இந்த இடுக்குல, வளையமும் பவளம் உக்கார்ற தட்டும் சேர்ற இடத்துல, என்னமோ அடைஞ்சிருக்கு. ஊசியால நெம்புறேன். மஞ்சளா... காஞ்சு போன தோல். மோந்து பாரு.

இவாவோ: எனக்கு சளி.

தோக்கியே: பொய் சொல்லாதே, மூஞ்சியைத் திருப்புறே. யூசுப் பழம்! எலுமிச்சைக்குக்கூட இவ்வளவு வாசனை கிடையாது, காஞ்சு உதுந்தும் போகல பாரு.

இவாவோ: எங்க வீட்டுக்குள்ள யூசு வந்ததே கிடையாது.

தோக்கியே: என்ன?! தோசாக்காரன் வீட்டுல யூசு இல்லையா? சுட்ட மீன் மேல என்னத்தைப் பிழிவீங்க?

சனாயே: ஒண்ணும் பிழியறது இல்ல. உப்புதான். கட்டிக்கிட்டு வந்த புதுசுல கடையில நாலு பழம் வாங்கிட்டு வந்தேன். அப்படியே தூக்கி கடல்ல வீசிட்டார். நான் ஆடிப் போயிட்டேன்.

இவாவோ: புடிக்காது. அவ்வளவுதான். அதுக்கு ஒரு விசாரணையா?

தோக்கியே: உனக்குப் புடிக்குதோ இல்லையோ, பவளத்துக்குப் புடிக்காது, அது மட்டும் நிச்சயம். இரு, வர்றேன். நாளைக்குக் குளிர்கால வழக்கப்படி குளியல் தொட்டியில போடலாம்னு ஒரு கூடை யூசு வாங்கி வச்சிருக்கேன்... இதோ. இது அறுத்து எறிஞ்ச சில்லு, மெருகு போட்டுப் பாத்து வேண்டாம்னு வச்சது. இதுவும் நம்ம தோசா சிவப்புதான். பளபளன்னு இருக்கா?

இவாவோ: இருக்கு.

தோக்கியே: ஒரு சொட்டு. இப்ப லென்ஸ்ல பாரு.

இவாவோ: ...நுரைக்குது! அக்கா, கொதிக்கிற மாதிரி நுரைக்குது!

தோக்கியே: பவளம் கல்லு இல்லப்பா. முட்டை ஓடு, கிளிஞ்சல், சுண்ணாம்பு, அந்த ஜாதி. புளிப்பு பட்டா கரைய ஆரம்பிச்சுடும். அந்த நுரை அது விடுற மூச்சு. இப்ப துடைச்சுட்டுப் பாரு.

சனாயே: ஐயய்யோ. ஒரு சொட்டுக்கா இப்படி? அச்சு அசல் அந்த மோதிரம் மாதிரியே...

இவாவோ: அதே சுண்ணாம்பு வெள்ளை. அப்போ...

தோக்கியே: அப்போ யாரோ இந்த மோதிரத்தைப் போட்டுக்கிட்டு யூசு பிழிஞ்சிருக்காங்க. பழத்தைப் புடிச்சு அமுக்கினா சாறு விரல் நுனியிலேர்ந்துதானே உள்ள வழியும்? அதான் நுனிப் பக்கம் மோசம். வீட்டுச் சமையலுக்கு ஒண்ணு ரெண்டு பிழிஞ்சா இவ்வளவு ஆகாது. கூடை கூடையா, நாள் முழுக்க, சீசன் சீசனா.

இவாவோ: பூட்டியிருந்த பெட்டி! சாவி...

தோக்கியே: ஒரு நிமிஷம். வளையத்தைக் குடு. ம்ம்... ம்ம்ம்... இவாவோ, உக்காந்துக்கோ.

இவாவோ: உக்காந்துதான் இருக்கேன்.

தோக்கியே: கெட்டியா உக்காந்துக்கோ. இந்த வளையத்தை யாரோ அறுத்து, நடுவுல ஒரு துண்டுத் தங்கம் வச்சுப் பெருசாக்கியிருக்காங்க. இந்தா, ஒட்டின தடம். நான் செய்யல, நான் செஞ்சது பிடி மட்டும்தான். செஞ்சவன் வேலை தெரிஞ்சவன். பவளத்தைக் கழட்டிட்டுத்தான் நெருப்பு காட்டியிருக்கான், இல்லேன்னா வெடிச்சிருக்கும். பிடியில ரெண்டாவது தடவை மடக்கின சுருக்கம்கூட இருக்கு. கழட்டுற அவசரத்துல நான்தான் கவனிக்கல.

இவாவோ: பெருசாக்கியா? யாருக்கு? சனாயே, கையை நீட்டு.

சனாயே: நீட்டுறேன். போட்டுப் பாருங்க.

இவாவோ: லொடலொடன்னு ஆடுது...

சனாயே: என் கை இல்லன்னு இப்பவாவது தெரியுதா?

இவாவோ: இரு, என் சுண்டுவிரல்ல... ஏறுதே! அக்கா, இது ஆம்பளை விரலா? சனாயே! யாருக்குக் குடுத்தே? எங்க குடும்ப மோதிரத்தை எவனுக்குக் குடுத்தே?

சனாயே: எவனுக்கா! நல்லா இருக்கு. இருபத்தி நாலு வருஷம் உங்க மீன் நாத்தத்தோட குடித்தனம் பண்ணினதுக்கு இந்தப் பேரு வேறயா?

தோக்கியே: கத்தாதே இவாவோ, என்னைத் திட்டினது போதாதா? ஆம்பளை விரல் இல்ல. உள்பக்கம் தொட்டுப் பாரு, வழுவழுன்னு தேய்ஞ்சிருக்கு. விரலுக்குச் சரியா இருந்தா அப்படித் தேயாது. ஆடி ஆடித்தான் தேய்ஞ்சிருக்கு. விரல் மெலிசு, மூட்டு மட்டும் வீங்கினது. மூட்டைத் தாண்டணும்னு பெருசாக்கினாங்க, தாண்டினதும் ஆட்டம் குடுத்துடுச்சு. வயசான பொம்பளையோட கை இது. நெறைய வேலை செஞ்ச கை.

சனாயே: நான் காலையிலேர்ந்து இதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். திறக்கறப்பல்லாம் டீயைக் குடி, டீயைக் குடின்னு... வயிறே ரொம்பிப் போச்சு.

இவாவோ: நீதான் எடுத்தியா?

சனாயே: நான்தான். சாவியை மாடத்துக்குப் பின்னாடிலேர்ந்து எடுத்தேன், பெட்டியைத் திறந்தேன், கொண்டுபோய்க் குடுத்தேன். நீங்க நிச்சயத்துக்கு எடுக்கப் போறீங்கன்னு தெரிஞ்சதும் ஓடிப் போய் வாங்கிட்டு வந்து திரும்ப வச்சேன். மங்கினது எனக்கும் தெரிஞ்சுது, ஏன்னுதான் தெரியல. அக்கா, உங்க மேல பழி விழும்னு நான் கனவுலகூட நெனைக்கல. நீங்க மன்னிக்கணும்.

தோக்கியே: அது கெடக்கட்டும். யாரும்மா அவங்க?

சனாயே: சொல்றேன். அதுக்கு முன்னாடி இவரை ஒண்ணு கேக்கணும், உங்க முன்னாடியே. நம்ம வீட்டு புத்தர் மாடத்துல உங்க தாத்தாவுக்கு நினைவுப் பலகை இருக்கு. பாட்டிக்கு இருக்கு. உங்க அப்பாவுக்கு இருக்கு. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போன உங்க தம்பிக்குக்கூட இருக்கு. தினம் நான்தான் தூசி தட்டுறேன். ஒருத்தங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?

இவாவோ: அது... அது பழைய கதை.

தோக்கியே: பலகை இல்லையா? அது எப்படி? செத்தவங்களுக்குப் பலகை வைக்காம எந்த வீட்டுல...

இவாவோ: அக்கா, நீங்க இதுல வராதீங்க.

சனாயே: நானும் அப்படித்தான் கேட்டேன் அக்கா, இவரோட அத்தைகிட்ட. அவங்க கையில இருந்த துணியை மடிச்சு முடிச்சாங்க. அப்புறம் ஒரு ஊர் பேரை மட்டும் சொன்னாங்க. ஆத்தோட மேல ஏறிப் போனா, மலைக்கு உள்ள. சுத்திலும் யூசுத் தோப்பு.

தோக்கியே: இவாவோ? ஏம்ப்பா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. தண்ணி கொண்டு வரவா?

இவாவோ: வேண்டாம்... பதினாலு வயசு எனக்கு. காலையில எழுந்து பாத்தா, மாடத்து முன்னாடி அந்த மோதிரம் மட்டும் இருந்துச்சு. மலைக்காரன் ஒருத்தன் யூசு விக்க வருவான், அவனோட போயிட்டாங்கன்னு வீட்டுல ரகசியமா பேசிக்கிட்டாங்க. அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். 'யார் கேட்டாலும் செத்துட்டாள்னு சொல்லு'ன்னு. பள்ளிக்கூடத்துல சொன்னேன். படகுல சொன்னேன். உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்டுலயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி... எனக்கே அது நெஜமாயிடுச்சு.

தோக்கியே: ஐயோ, இவாவோ... அந்த நாள்ல நான் கோபேல இருந்தேன், ஊருக்கு வந்ததும் நான்கூட உன்கிட்ட துக்கம் விசாரிச்சேனே. நீ தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டியே...

இவாவோ: சனாயே.

சனாயே: ம்.

இவாவோ: மூட்டு... ரொம்ப வீங்கியிருக்கா?

சனாயே: ரெண்டு கையிலயும். அந்த ஆள் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆச்சு. இப்ப தனியா ஒரு சின்னத் தோப்பு. பழம் பறிக்கிற சமயத்துல காலையில உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் பிழியுறாங்க. நான் போனா எனக்கும் ஒரு பலகையைப் போட்டு உக்கார வச்சுடுவாங்க.

இவாவோ: வருஷா வருஷம் நவம்பர்ல சித்தி வீட்டுக்குப் போறேன்னு போவியே...

சனாயே: எனக்கு சித்தியே கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உங்களுக்கு அது தோணல.

தோக்கியே: மோதிரத்தைத் திருப்பிக் குடுக்க மனசு வந்துச்சா அவங்களுக்கு?

சனாயே: கேக்கவே எனக்கு நாக்கு எழல அக்கா. கொதோமிக்கு நிச்சயம்னு மட்டும்தான் சொன்னேன். சோப்புத் தண்ணியில விரலை ஊற வச்சு, அவங்களே திருகித் திருகிக் கழட்டி, துடைச்சு, என் கையில வச்சாங்க.

தோக்கியே: சரி... சரிப்பா. கண்ணைத் துடை. இந்த மங்கல் பெரிய விஷயம் இல்ல. மேல ஒரு மயிரிழை அளவுக்கு இழைச்சு, மெருகு போட்டா அடியில அதே காளை ரத்தம் காத்துட்டு இருக்கு, அந்த நாலு பொட்டே சாட்சி. சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ. ஆனா மறுபடி போட்டுக்கிட்டு மறுபடி பிழிஞ்சா மறுபடி இதே கதிதான். பிழியறப்ப கழட்டி வச்சுடணும். இதுக்கு வேற வைத்தியமே இல்ல.

இவாவோ: பொண்ணுக்குன்னா கழட்ட வருது இல்ல? அப்போ பிழியறப்ப மட்டும் ஏன் கழட்டி வைக்கல? நீ சொல்லலையா?

சனாயே: ஈரத்துல போட்டுக்காதீங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேங்க... 'ஒரு தடவை கழட்டி வச்சுட்டு வாசல் தாண்டினேன், அதுக்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவே முடியல, இனிமே எதுக்காகவும் இதைக் கழட்டி வைக்க மாட்டேன்'னு போட்ட கையோடவே பிழிஞ்சாங்க, உங்க அம்மா.